கல்லை அரைத்துக் கருப்பு வண்ணம் செய்வது எப்படி?

நமக்குப் பழக்கமான கருப்பெல்லாம் பெரும்பாலும் நெருப்பில் பிறந்தவை. கண்ணுக்கு இடும் மை, விளக்குச் சுடரில் படிந்த கரி. ஓவியக் கடையில் ‘லேம்ப் பிளாக்’ என்று கேட்டு வாங்குவது புகைக்கரி. டியூபில் ‘ஐவரி பிளாக்’ என்று எழுதியிருந்தாலும், இன்று அதற்குள் இருப்பது கருக்கிய எலும்புப் பொடிதான். இங்கே சொல்லப்போவது வேறு வகைக் கருப்பு. மண்ணுக்குள் கருப்பாகவே கிடக்கும் கல்லை எடுத்து, அரைத்து, கழுவி, பிசின் சேர்த்து வாட்டர்கலராக்கும் வேலை. இரண்டு வார இறுதிகள் ஒதுக்கினால் போதும். செலவும் அதிகமில்லை.

கடையில் டியூப் கிடைக்கும்போது ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று என்னிடம் படம் பழக வருபவர்கள் கேட்பதுண்டு. நான் பதில் சொல்வதில்லை. ஒரு தாளில் நான்கு கருப்புகளைத் தண்ணீர் விட்டு இழுத்துக் காட்டுவேன். கெட்டியாக இருக்கும்போது நான்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். தண்ணீர் கூடக் கூட ஒன்று வெள்ளிச் சாம்பலாகும், ஒன்று பழுப்பாகும், ஒன்று மழைமேகத்து நீலச் சாம்பலாகும், இன்னொன்று தாளின் குழிகளில் மணல் மணலாகப் போய் உட்காரும். யானையின் தோலுக்கு ஒன்று, மழையில் நனைந்த பாறைக்கு வேறொன்று. எது எதற்கு என்பது கையால் செய்து பார்த்தவருக்குத்தான் நினைவில் நிற்கும்.

எந்தக் கல்லில் தொடங்குவது?

முதல் முயற்சிக்குச் சிலேட்டுக்கல். மரச்சட்டம் போட்ட பழைய கல் சிலேட்டு உடைந்து பரணில் கிடந்தால் அதுவே போதும். இப்போதைய தகரச் சிலேட்டும் பிளாஸ்டிக் சிலேட்டும் உதவாது. ஆந்திராவின் மார்க்காபுரம் பகுதியிலிருந்து வந்த உண்மையான கல் சிலேட்டுதான் வேண்டும். சேற்றுப் படிவு கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுத்தத்தில் இறுகி உண்டான கல் அது. அந்தச் சேற்றில் கலந்திருந்த உயிர்ப்பொருள் கரியாக மாறியதால்தான் அந்த நிறம். அரைத்தால் ஆழ்ந்த கருப்பு வராது, குளிர்ச்சியான சாம்பல் கருப்பு வரும். மென்மையான கல் என்பதால் கை பழகுவதற்கு நல்லது. இதே இனத்தைச் சேர்ந்த, இன்னும் மெத்தென்ற கரிப்படிவக் கல்லைக் குச்சியாகச் செதுக்கி இத்தாலிய ஓவியர்கள் வரைந்தார்கள். மைக்கேலாஞ்சலோவின் உடற்கூற்று வரைபடங்களில் பல அந்தக் கல்லால் இழுத்த கோடுகள்.

அடுத்தது காரீயம். இந்தச் சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டையும் காரீயம் என்கிறோம், ஈய உலோகத்துக்கும் காரீயம் என்றுதான் பெயர். ஆங்கிலேயர்களும் நெடுங்காலம் கிராஃபைட்டை ஒருவகை ஈயம் என்றே நம்பினார்கள். 1779-இல் கார்ல் ஷீலே என்ற வேதியியலாளர் அது கரியின், அதாவது கார்பனின், ஒரு வடிவம் என்று காட்டிய பிறகுதான் உண்மை தெரிந்தது. பத்து ஆண்டு கழித்து, எழுதுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வெர்னர் என்ற கனிமவியலாளர் அதற்குக் கிராஃபைட் என்று பெயர் வைத்தார். ஆகவே கடையில் கேட்கும்போது காரீயம் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஈயப் பொடி கைக்கு வந்தால் அது நஞ்சு. கிராஃபைட் என்றே கேளுங்கள்.

நமக்கு இது அந்நியமான பொருள் அல்ல. சிவகங்கைப் பக்கம் தமிழ்நாடு கனிம நிறுவனமான டாமின் கிராஃபைட் எடுக்கிறது. அங்கே அது பாறைக்குள் செதில் செதிலாகக் கலந்து கிடக்கிறது. பாறையை நொறுக்கி, கழுவிப் பிரித்தால்தான் கிடைக்கும். இலங்கையில் போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைப்பது வேறு மாதிரி. பாறை வெடிப்புகளில் நரம்பு நரம்பாக ஓடும் கட்டிக் காரீயம். கட்டியாகவே வெட்டி எடுக்கும் அளவுக்குத் தூய்மையானது. நகத்தால் கீறினாலே பொடி உதிரும். அப்படி ஒரு துண்டு கிடைத்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நேரடியாகத் தாளில் தேய்த்தும் வரையலாம்.

மூன்றாவது காந்தக்கல், அதாவது மேக்னடைட். இதைத்தான் இந்தக் கட்டுரையில் விரிவாகச் செய்யப்போகிறோம். இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். சேலத்துக்கு அருகில் கஞ்சமலை முழுவதும் இதன் அடுக்குகள். திருவண்ணாமலை மாவட்டத்துக் கவுத்திமலையிலும் வேடியப்பன்மலையிலும் இதுவே. அதற்காக மலைக்குப் போய் உடைத்து எடுக்க வேண்டாம். கஞ்சமலை சித்தர் கோயிலுக்கு மக்கள் வந்துபோகும் மலை, வனத்துறைக்கும் அதில் பொறுப்பு உண்டு. வீட்டுப் பக்கத்திலேயே வழி இருக்கிறது. பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள், தண்ணீர் ஓடிய மண்தடத்தைப் பாருங்கள். வெள்ளை மணலின் மேல் மெல்லிய கருங்கோடுகள் வளைந்து வளைந்து கிடக்கும். நம் ஊர்ப் பாறைகள் சிதைந்து உதிர்ந்த கனமான மணல் அது. அதில் கணிசமான பங்கு மேக்னடைட்.

நான்காவது மாங்கனீசுக் கருப்பு. பைரோலூசைட் என்ற கனிமம். மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட்டிலும் கர்நாடகத்தின் சண்டூரிலும் மாங்கனீசுத் தாது வெட்டுகிறார்கள். ஓவிய வரலாற்றில் இந்த நான்கில் பெரிய பெயர் இதற்குத்தான். பிரான்சின் லாஸ்கோ குகையில், 5 மீட்டருக்கும் நீண்ட காளைகளின் கருங்கோடுகள் மாங்கனீசு ஆக்சைடால் போட்டவை. 1940 செப்டம்பரில் அந்தக் குகையைக் கண்டுபிடித்தார்கள். இன்றுவரை அந்தக் கோடுகளைக் கார்பன் முறையில் நேரடியாகக் காலக்கணிப்பு செய்ய முடியவில்லை, ஏனென்றால் அதில் கரியே இல்லை. பிரான்சிலேயே இருக்கும் ஷோவே குகையில் அடுப்புக்கரியால் வரைந்ததால் அங்கே காலத்தைக் கணிக்க முடிந்தது. கல்லில் பிறந்த கருப்பு தன் வயதைச் சொல்வதில்லை.

ஆனாலும் மாங்கனீசுப் பொடியை வீட்டில் அரைக்காதீர்கள். அதன் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் நரம்பு மண்டலம் பாதிக்கும். நடை தடுமாறும், முகம் இறுகிப்போகும், பேச்சு குழறும். 1837-இலேயே கிளாஸ்கோவில் ஜான் கூப்பர் என்ற மருத்துவர், மாங்கனீசு அரைக்கும் தொழிலாளர்களிடம் இதைக் கண்டு எழுதிவைத்தார். பழைய டார்ச் பேட்டரிகளுக்குள் இருக்கும் கருப்புப் பொடியிலும் இதுவே இருக்கிறது. நான் படித்த பள்ளியில் கோவை இலையோடு அந்தப் பொடியைச் சேர்த்துக் கரும்பலகைக்குப் பூசியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், நானும் கையால் பிசைந்திருக்கிறேன். இன்று எந்தப் பிள்ளையையும் அதைத் தொட விடமாட்டேன். மாங்கனீசின் சாயல் வேண்டுமென்றால் ‘ரா அம்பர்’ டியூப் ஒன்று வாங்குங்கள். அந்தப் பழுப்புக்குக் காரணம் இரும்போடு சேர்ந்த மாங்கனீசு ஆக்சைடுதான்.

கடற்கரைக் கருமணலைத் தொடாதீர்கள்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி, கேரளத்துச் சவரா, இலங்கையின் புல்மோட்டை கரைகளில் பளபளவென்று கருமணல் கிடக்கும். பார்த்ததும் அள்ளத் தோன்றும். அதில் பெரும்பகுதி இல்மனைட். இந்தக் கரைமணல்களில் மோனசைட்டும் கலந்திருக்கும். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அது கதிரியக்கம் உள்ளது. அந்த மணலை அரைத்துத் தூசியாக்கி மூச்சில் இழுப்பது எந்த ஓவியத்துக்கும் தகாது. இந்தியச் சட்டப்படியும் அது அணுக் கனிமம், தனியார் எடுக்கக்கூடாது.

உரைத்துப் பார்த்தல்

பொன்னை உரைகல்லில் உரைப்பது போலக் கல்லையும் உரைத்துத்தான் வாங்க வேண்டும். டீ கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மெருகு பூசாத, சொரசொரப்பான வெள்ளை வளையம் இருக்கும். அதில் கல்லை அழுத்தி ஒரு கோடு இழுங்கள். கல்லின் மேற்பரப்பு என்ன நிறமாக இருந்தாலும் அந்தக் கோடுதான் நீங்கள் அரைத்தால் வரப்போகும் நிறம்.

கோடு கருப்பாக விழுந்து, கல்லைக் காந்தமும் இழுத்தால் மேக்னடைட். கல் கருப்பாக இருந்தும் கோடு செம்பழுப்பாக விழுந்தால் அது ஹேமடைட். கருப்புக்கு ஆகாது, ஆனால் எறிந்துவிடாதீர்கள், அருமையான காவி கிடைக்கும். கோடு ஈயப்பளபளப்போடு வழவழவென்று விழுந்து விரலிலும் ஒட்டினால் கிராஃபைட். கோடு சாம்பலாக விழுந்தால் சிலேட்டு. கல் கோப்பையைக் கீறிவிட்டுத் தான் கோடே போடாமல் வழுக்கினால், அது வண்ணத்துக்கு உதவாத கல்.

நாட்டு மருந்துக் கடையில் ‘காந்தம்’ என்று கேட்டாலும் மேக்னடைட் கிடைக்கும், காந்த செந்தூரத்துக்குப் பயன்படுவது அதுதான். ஆனால் அங்கேயும் உரைத்துப் பார்த்தே வாங்குங்கள். ஒருமுறை நான் பொடியாகவே வாங்கி வந்து ஏமாந்தேன். தண்ணீரில் போட்டதும் தண்ணீர் மை போலக் கருத்து, கல் பொடி வெளுத்துக் கீழே நின்றது. சாயம் ஏற்றிய சுண்ணாம்புக்கல். அன்றிலிருந்து கட்டியாக இருந்தால்தான் வாங்குவது. அஞ்சனக்கல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அஞ்சனம் என்ற பெயரில் ஆன்டிமனிக் கல்லுக்குப் பதில் ஈயத்தாதுவான கலீனா விற்பது பரவலாக நடக்கிறது. இரண்டும் நச்சுதான்.

தூசி

எந்தக் கல்லையும் உலர்வாக அரைக்காதீர்கள். முதல் இடியிலிருந்து கடைசி அரைப்பு வரை தண்ணீர் இருக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்து மந்த்சௌரில் சிலேட்டுக் குச்சி அறுத்த தொழிலாளர்கள் எத்தனையோ பேர், இளம் வயதிலேயே சிலிக்கோசிஸ் வந்து நுரையீரல் இறுகிச் செத்தார்கள். அது நஞ்சுக்கல்லும் அல்ல, குழந்தைகள் எழுதும் குச்சி. அதன் தூசிக்கே அந்த வலிமை. நீங்கள் அரைப்பது ஒரு தேக்கரண்டி அளவுதான், பயப்பட வேண்டியதில்லை, ஆனால் பழக்கம் முதல் நாளிலேயே சரியாக அமைய வேண்டும்.

உலர்ந்த பொடியைக் கையாளும் ஒவ்வொரு முறையும் என்95 முகக்கவசம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். சமையலுக்குப் புழங்கும் அம்மி, மிக்சி, டம்ளர், கரண்டி எதுவும் இந்த வேலைக்கு வரக்கூடாது. இதற்கென்று வாங்கியவை திரும்ப அடுக்களைக்குள் போகவும் கூடாது.

மேக்னடைட்: சேகரிப்பது முதல் பொடி வரை

தேவையானவை: வலுவான சிறு காந்தம் (பழைய ஸ்பீக்கருக்குள் இருப்பது போதும்), பிளாஸ்டிக் பை, கண்ணாடி டம்ளர்கள் மூன்று, சித்த மருத்துவர்கள் மருந்தரைக்கும் கல்வம் அல்லது கருங்கல்லில் செய்த சிறு உரலும் குழவியும், பழைய பருத்தி வேட்டித் துணி, ஒரு பூதக்கண்ணாடி.

காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பையோடு சேர்த்துக் கருமணல் கோட்டின் மேல் மெல்ல நகர்த்துங்கள். மணல் துள்ளி எழுந்து பையின் வெளிப்புறத்தில் முள்ளம்பன்றி முதுகு போலச் சிலிர்த்து நிற்கும். தட்டின் மேல் பையைப் பிடித்து, காந்தத்தை மட்டும் உள்ளிருந்து உருவினால் முட்கள் அத்தனையும் பொலபொலவென்று உதிரும். பை இல்லாமல் காந்தத்தையே மணலில் வைத்தவர்களுக்கு, பிறகு அதைச் சுரண்டி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். உதிர்ந்ததைத் தண்ணீரில் அலசி மறுபடி காந்தத்தால் எடுங்கள். இப்படி மூன்று நான்கு தடவை செய்தால் வெள்ளை மணல் விடைபெற்றுவிடும்.

சாலையோரம், பட்டறை அருகில், வெல்டிங் கடை வாசலில் சேகரிக்காதீர்கள். அங்கே காந்தத்தில் ஒட்டுவதில் பாதி இரும்புத்தூள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் வேறுபாடு தெரியும்: மேக்னடைட் மணிகள் முனை முனையாக, கண்ணாடி உடைத்தாற்போல் மின்னும். இரும்புத்தூள் சுருளாகவோ தட்டையாகவோ இருக்கும்.

இரும்பு கலந்தால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். முதல் தடவை, கல் கடினமாக இருக்கிறதே என்று இரும்பு உரலில் இடித்தேன். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் மேக்னடைட் கிட்டத்தட்ட 6, எஃகுக் கத்திக்கு நிகர். கல் பொடியானது, கூடவே உரலும் தேய்ந்து இரும்பு அதில் இறங்கியது. அப்போது தெரியவில்லை. அந்த வண்ணத்தில் கிணற்றடியில் நிற்கும் ஒரு கிழவியைப் போட்டேன், நான் போட்டதிலேயே எனக்குப் பிடித்த படம் அது. இரண்டு மழைக்காலம் கழித்துச் சட்டத்தைக் கழற்றிப் பார்த்தபோது அவள் சேலை முழுக்கத் துருப்புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு மஞ்சள் வளையம். இரும்பையும் மேக்னடைட்டையும் காந்தத்தால் பிரிக்க முடியாது, இரண்டும் ஒட்டும். ஆகவே கல்லுரல் மட்டும். கருங்கல் தேய்ந்து கொஞ்சம் கலந்தாலும் அது நிறத்தைக் கெடுக்காது, துருவும் பிடிக்காது. ஐயம் இருந்தால், சேகரித்ததை ஈரத்துணியில் மூன்று நாள் பொதிந்து வையுங்கள். துணியில் ஆரஞ்சுக் கறை விழுந்தால் அந்தத் தொகுதியைக் கொட்டிவிடுங்கள்.

இப்போது அரைத்தல். ஒரு தேக்கரண்டி மணல், அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். குழவியை வட்டமாக அழுத்தி ஓட்டுங்கள். முதலில் கறகறவென்று பல் கூசும் ஓசை வரும். கால் மணி நேரத்தில் அது சரசரப்பாக மாறும். முக்கால் மணி நேரத்தில் ஓசை அடங்கி, குழவி வழுக்கத் தொடங்கும். ஓசைதான் உங்கள் அளவுகோல். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பதில்லை. மூடி வைத்துவிட்டு மறுநாள் தொடரலாம்.

அடுத்து வருவதுதான் வண்ணத்தின் தரத்தைத் தீர்மானிக்கும் வேலை: தெளிய விட்டு இறுத்தல். அரிசி களையும் கைக்கு இது புதிதல்ல. அரைத்த விழுதை டம்ளரில் வழித்துப் போட்டு, 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். நன்றாகக் கலக்கிவிட்டு 2 நிமிடம் கையை எடுத்துவிடுங்கள். பெரிய துகள் வேகமாக இறங்கும், சிறியது மெதுவாக இறங்கும். மேக்னடைட் தண்ணீரைவிட 5 மடங்குக்கும் சற்று அதிகமான அடர்த்தி கொண்டது என்பதால், 20 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு) மேற்பட்ட துகள்கள் அந்த 2 நிமிடத்துக்குள் அடிக்குப் போய்விடும். மேலே இன்னும் கலங்கலாக நிற்கும் கருந்தண்ணீரை, அடிவண்டல் கலையாமல் இரண்டாவது டம்ளருக்கு இறுத்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டிய நிறமி அந்தக் கலங்கலில்தான் இருக்கிறது. அடியில் நின்றதைத் திரும்பக் கல்வத்தில் போட்டு அரைக்க வேண்டும். அரைப்பது, கலக்குவது, இறுப்பது என்று ஐந்தாறு சுற்று போகும்.

சிலேட்டுக்கும் இதே முறைதான். அதன் அடர்த்தி குறைவு என்பதால் 2 நிமிடத்துக்குப் பதில் 4 நிமிடம் விடுங்கள்.

இந்தக் கட்டத்தில் காந்தத்தை அருகில் கொண்டுவராதீர்கள். டம்ளருக்கு அடியில் காந்தத்தை வைத்தால் கலங்கல் நொடியில் தெளியும், வேலை சுலபம் என்று தோன்றும். ஆனால் காந்தம் பட்ட நுண்துகள்கள் தாமும் குட்டிக் காந்தங்களாகி ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பிறகு எவ்வளவு குழைத்தாலும் கட்டி கட்டியாகவே நிற்கும்.

இறுத்த கலங்கலை ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் மேலே தெளிந்த தண்ணீரும் அடியில் வழவழப்பான கருஞ்சேறும் இருக்கும். தண்ணீரை வடித்துவிட்டு, சேற்றை வேட்டித் துணி விரித்த தட்டில் ஊற்றி நிழலில் காய விடுங்கள். அவசரப்பட்டு அடுப்பில் வாட்டாதீர்கள். மேக்னடைட் காற்றில் சூடேறினால் ஆக்சிஜனை ஏற்றுப் பழுப்பாகி, மேலும் சூடேறினால் சிவந்துவிடும். காந்தக்கல்லைப் புடம் போட்டுச் செந்தூரம் ஆக்குபவர்கள் வேண்டுமென்றே செய்வது அதைத்தான். நமக்கு வேண்டியது கருப்பு.

காரீயத்துக்கு இந்த வழி செல்லாது

கிராஃபைட்டைக் கல்வத்தில் இரண்டு நிமிடம் தேய்த்தாலே பொடியாகும். கரியணுக்கள் தாள் தாளாக அடுக்கியிருக்கும் பொருள் அது. தாளுக்குத் தாள் வழுக்கும், அதனால்தான் பென்சில் எழுதுகிறது. ஆனால் தண்ணீரோடு அதற்கு ஆகவே ஆகாது. தண்ணீரில் தூவினால் கருப்பு எண்ணெய்ப் படலம் போல மேலே மிதக்கும். கலக்கினாலும் திரும்ப மேலே வரும். கல்லும் மணலும் கலந்த சிவகங்கைச் செதில் கிடைத்தவர்களுக்கு இது ஒரு வசதி. கலக்கிவிட்டால் மணல் அடியில் இறங்கும், மேலே மிதப்பதைப் பாலாடை எடுப்பது போலக் கரண்டியால் வழித்துக்கொள்ளலாம். ஆலைகளில் எண்ணெயும் நுரையும் சேர்த்துப் பெரிய அளவில் செய்வதும் இதைத்தான்.

வழித்த பொடியைப் பிசினில் குழைப்பதற்கு முன் சில துளி சர்ஜிக்கல் ஸ்பிரிட் விட்டு நனைத்துவிடுங்கள். உடனே பணிந்து கலக்கும். ஸ்பிரிட் எரியும் பொருள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ வேண்டாம். பென்சில் குச்சியை உடைத்து அரைக்கலாமா என்றால், பழகிப் பார்க்க அரைக்கலாம். ஆனால் அது தனிக் கிராஃபைட் அல்ல. பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டு, இங்கிலாந்தின் போரோடேல் காரீயம் வராமல் போனபோது, 1795-இல் நிக்கோலா கோன்டே களிமண்ணோடு கிராஃபைட்டைச் சேர்த்துச் சுட்டுக் குச்சி செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். இன்றும் பென்சில் அந்தக் கலவைதான். 8பி போன்ற மென்மையான குச்சியில் களிமண் குறைவு.

பிசின் கட்டுதல்

நாட்டு மருந்துக் கடையில் கருவேலம் பிசின் கேளுங்கள். தேன்நிறத்தில், ஒளி ஊடுருவும் துண்டுகளாகப் பொறுக்கி எடுங்கள். பாதாம் பிசினைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது தண்ணீரில் ஊறி ஜெல்லியாகப் பெருகுமே தவிரக் கரையாது. ஜிகர்தண்டாவுக்கு நல்லது, ஓவியத்துக்கு ஆகாது.

பிசின் ஒரு பங்கு, வெந்நீர் இரண்டு பங்கு. இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் கலக்கித் துணியில் வடிகட்டுங்கள். பட்டைத்தூளும் தூசியும் துணியில் நின்றுவிடும். இந்தக் கரைசல் 5 கரண்டிக்கு ஒரு கரண்டி தேன். தேன் இல்லாவிட்டால் வண்ணம் காய்ந்ததும் வெடித்து உதிரும். பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரே ஒரு துளி கிராம்பெண்ணெய்.

இனி குழைத்தல். தடித்த கண்ணாடிப் பலகை ஒன்றில் ஒரு தேக்கரண்டி நிறமிப் பொடியைக் குவித்து, நடுவில் குழி பறித்து, அதே அளவு பிசின் கரைசலை ஊற்றுங்கள். கத்தியால் பிசைந்து விழுதாக்கிவிட்டு, தட்டையான அடியுள்ள கனத்த கண்ணாடிப் பொருளால் எட்டு எழுதுவது போல ஓட்டுங்கள். மல்லர் என்று விற்கும் கண்ணாடிக் குழவி இருந்தால் நல்லது. இல்லையென்றால் அடி தட்டையான கண்ணாடி மேசைக்கனம் போதும். 20 நிமிடம். விழுது ஓரத்துக்கு ஒதுங்க ஒதுங்க வழித்து நடுவில் சேருங்கள். கட்டிகள் உடைந்து ஒவ்வொரு துகளையும் பிசின் சுற்றிக்கொள்ள வேண்டும். காயத் தொடங்கினால் இரண்டு துளி தண்ணீர்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தாளில் ஒரு தீற்றல் இட்டு முழுவதும் காயவிட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். பொடி ஒட்டினால் பிசின் போதவில்லை. மினுங்கி, தாளை வளைத்தால் வெடித்தால் பிசின் கூடிவிட்டது. மேக்னடைட் கனமாக இருப்பதால் அதற்கு மற்ற கற்களைவிடச் சற்றுத் தாராளமாகவே பிசின் வேண்டியிருக்கும். கிராஃபைட்டை விரல் சோதனையில் முழுதாக நம்ப முடியாது. எவ்வளவு பிசின் இருந்தாலும் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும்.

சிறு பிளாஸ்டிக் கிண்ணங்களில் விழுதைப் பாதியளவு ஊற்றி, காய்ந்து சுருங்கியதும் மறுபடி ஊற்றி நிரப்புங்கள். ஒரே தடவையில் நிரப்பினால் நடுவில் பிளந்துவிடும்.

தாளில் இட்டுப் பார்ப்பது

சொரசொரப்பான தடித்த வாட்டர்கலர் தாளை எடுங்கள். ஒவ்வொரு கருப்புக்கும் ஒரு பட்டை. இடது முனையில் கெட்டியாக, வலப்பக்கம் போகப் போகத் தண்ணீர் விட்டு. அதற்குக் கீழே அதே கருப்பு வெள்ளையோடு கலந்த ஒரு சதுரம்.

மேக்னடைட் பட்டையைக் காயும்வரை பக்கத்திலிருந்தே பாருங்கள். ஈரமாக இருக்கையில் சமமாகத் தெரியும். தண்ணீர் இறங்க இறங்கக் கனமான துகள்கள் தாளின் பள்ளங்களைத் தேடிப் போய் உட்காரும், மேடுகள் வெளுக்கும். பாறையின் மேல்தோலைத் தூரிகை தானாகவே வரைந்தது போல இருக்கும். டியூப் கருப்பில் இதை வரவழைக்க எவ்வளவு பாடுபட்டாலும் இப்படி அமையாது. ஈரம் காய்வதற்குள் தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினால், வண்ணம் தலைமுடி போலக் கோடு கோடாக எழுந்து காந்தத்தின் பின்னாலேயே ஓடும். முன்பு காந்தம் வேண்டாம் என்று சொன்னது பொடிக்கு. தாளுக்கு வந்தபின் விளையாடலாம். சிறுவர்கள் இருந்தால் இந்த ஒரு வேலையை அவர்களிடம் கொடுங்கள்.

வெள்ளையோடு கலக்கும்போது மேக்னடைட் மெல்லிய வெதுவெதுப்பான சாம்பலாகும், சிலேட்டு குளிர்ந்த சாம்பலாகும், கிராஃபைட் வெள்ளிப்பாத்திரச் சாம்பலாகும். ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்: கல்லில் வரும் கருப்பு, விளக்குக் கரியின் ஆழத்துக்கு வராது. துளி விளக்குக் கரி ஒரு கிண்ணம் வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும், மேக்னடைட்டுக்கு அந்தச் சக்தி கிடையாது. அது குறை என்று நான் நினைக்கவில்லை. பக்கத்து நிறங்களை விழுங்காத கருப்பு என்பதால்தான் முகங்களின் நிழலுக்கு நான் இதையே எடுக்கிறேன்.

மற்ற ஊடகங்களுக்கும் சில வார்த்தைகள். சுண்ணாம்புச் சுவரில் போடுவதென்றால் மேக்னடைட் நம்பகமானது, சுண்ணாம்பின் காரம் அதை ஒன்றும் செய்யாது. எண்ணெய் வண்ணம் என்றால் ஆளி விதை எண்ணெயில் குழையுங்கள். கிராஃபைட் கலந்தது காய நாளாகும், பொறுமை வேண்டும். டியூப் வாங்கும்போது பின்பக்கத்துக் குறியீட்டைப் படிக்கப் பழகுங்கள்: பிபிகே (PBk, கருப்பு நிறமி என்பதன் சுருக்கம்) 10 என்றால் கிராஃபைட், பிபிகே 11 என்றால் இரும்பு ஆக்சைடுக் கருப்பு, பிபிகே 14 என்றால் மாங்கனீசு, பிபிகே 9 என்றால் எலும்புக்கரி. முன்பக்கத்தில் என்ன அழகான பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பதை இந்த எண்தான் சொல்லும். பிபிகே 11 பெரும்பாலும் ஆலையில் தயாரானது. துகள் மிக நுண்ணியது, ஒரே சீரானது. உங்கள் கல்வத்தில் வந்ததோடு அதையும் ஒரு பட்டையாக இட்டு வையுங்கள், வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

கிண்ணத்தின் அடியில் கல்லின் பெயர், எங்கே எடுத்தது, எந்த மாதம், எத்தனை சுற்று இறுத்தது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். மாதிரித் தாளிலும் அதையே எழுதுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு வேறு தெருவில் சேகரித்த மணல் வேறு கருப்பைத் தரும்போது, எதோடு ஒப்பிடுவது என்று தேடவேண்டி வராது.